குறுங்கால மனப்பிறழ்வு: வந்து போகும் நோய்க்கு வகை கண்ட வரலாறு

குறுங்கால மனப்பிறழ்வு என்பது திடீரெனத் தோன்றி, சில நாள்களிலோ சில வாரங்களிலோ முழுமையாக நீங்கிவிடும் தீவிர மனநோய் ஆகும். இல்லாததை இருப்பதாக உறுதியாக நம்பும் மருட்சி, இல்லாத குரலைக் கேட்கும் பிரமை, தொடர்பற்ற பேச்சு, நிலைகொள்ளாத நடத்தை ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்கு இது வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே வருகிறது. வேறு சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மீண்டும் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் நலமாகவே இருக்கின்றனர்.

மனநோய்களின் பட்டியலில் இந்நோய்க்குத் தனி இடம் கிடைக்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. அந்த இடத்தைப் பெற்றுத் தந்ததில் சண்டிகர், பட்டியாலா, வேலூர், பெங்களூரு ஆகிய ஊர்களின் மருத்துவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

பெயரின் முக்கியத்துவம்

இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை எடுத்துக்காட்டு உதவும். கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டையை அடுத்த சிற்றூரில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். நாள்தோறும் நிறுவனப் பேருந்தில் ஓசூருக்குச் சென்று தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். மூன்று நாள் காய்ச்சலுக்குப் பின் அவருக்குத் தூக்கம் கெடுகிறது. ஓர் இரவு, தெருவில் உள்ள அனைவரும் தன்னைப் பற்றியே பேசுவதாக அழுகிறார். மறுநாள் காலையில் தன்மேல் அம்மன் வந்திருப்பதாகச் சிரிக்கிறார். மாலையில் சோற்றில் நஞ்சு கலந்திருப்பதாக அஞ்சி உண்ண மறுக்கிறார். தமிழ் பேசும் வீட்டார் 'காத்து கருப்பு அண்டிவிட்டது' என்கின்றனர். அருகில் வாழும் தெலுங்கு, கன்னடக் குடும்பத்தாரும் தத்தம் மொழியில் அதையே சொல்கின்றனர். கோயிலில் கயிறு கட்டிய பின் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றனர். மூன்று வாரங்களில் தெளிவு பெற்று, அவர் மீண்டும் வேலைக்குச் செல்கிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து, தந்தை இறந்த இரண்டாம் வாரத்தில் அதே நோய் மீண்டும் வருகிறது. மீண்டும் ஒரு மாதத்துக்குள் நீங்குகிறது.

இவருடைய நோயின் பெயர் என்ன? மருத்துவச் சீட்டில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று எழுதினால், அது நீண்டகால நோய், நீண்டகால மருந்து என்ற பொருளைத் தரும். திருமணம், வேலை, குடும்பத்தில் அவருக்குள்ள மதிப்பு ஆகிய அனைத்தையும் அச்சொல் தொடும். குறுங்கால மனப்பிறழ்வு என்று எழுதினால், முழுமையாக மீளும் வாய்ப்பு மிகுந்த நோய் என்று பொருள்படும். ஆனால் உண்மையிலேயே மனச்சிதைவின் தொடக்கமாக இருப்பதைக் குறுங்கால நோய் என்று எண்ணிக் கைவிட்டுவிட்டால், மருத்துவம் பெறவேண்டிய ஆண்டுகள் வீணாகும். இரண்டு பிழைகளுமே வாழ்க்கையைப் பாதிப்பவை. வகைப்படுத்தல் என்னும் வறண்ட செயலின் பின்னே இருக்கும் பொறுப்பு இதுவே.

இருபெரும் பிரிவுகளுக்கு வெளியே

செருமானிய மருத்துவர் எமில் கிரெப்பெலின் 1899-இல் வெளிவந்த தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில் தீவிர மனநோய்களை இருபெரும் பிரிவுகளாக நிறுத்தினார். ஒன்று, நாளடைவில் மனத்திறனைச் சிதைக்கும் நோய். மற்றொன்று, எழுச்சியும் சோர்வுமாக வந்து போகும் நோய். முதலாவதற்குச் சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லர் 1908-இல் 'ஸ்கிசோஃப்ரினியா' என்று பெயரிட்டார். இரண்டாவது இன்று இருதுருவ மனநிலைக் கோளாறு எனப்படுகிறது. உலகின் பெரும்பாலான மருத்துவப் பள்ளிகள் இந்த இருபிரிவு முறையையே பின்பற்றின.

இவ்விரண்டிலும் அடங்காத நோயாளிகள் அப்போதே இருந்தனர். பிரான்சில் வாலன்டின் மாக்னானும் அவருடைய மாணவர் லெக்ரானும் 1880களிலேயே 'பூஃபே தெலிரான்ட்' என்ற நோயை விவரித்திருந்தனர். தெளிந்த வானத்தில் இடி விழுவது போலத் திடீரெனத் தோன்றுவது, நொடிக்கு நொடி உருமாறும் மருட்சி, விரைவில் தெளிவு ஆகியவை அதன் அடையாளங்கள். டென்மார்க்கின் ஆகஸ்ட் விம்மர் 1916-இல், பேரிழப்பு அல்லது பேரச்சத்தைத் தொடர்ந்து வரும் 'உளவழி மனப்பிறழ்வு' பற்றி நூல் எழுதினார். நார்வேயின் லாங்ஃபெல்ட் 1939-இல், மனச்சிதைவு போலத் தோன்றினாலும் நன்கு குணமாகும் நோய்களை உண்மையான மனச்சிதைவிலிருந்து பிரித்துக் காட்டினார். ஜப்பானில் மிட்சுடா இத்தகைய நோய்களை 'வழமை மாறிய மனப்பிறழ்வு' என்ற பெயரில் ஆராய்ந்தார்.

மீண்டும் மீண்டும் வரும் வடிவத்தை மிகக் கவனமாக ஆராய்ந்தவர்கள் செருமனியின் கார்ல் கிளைஸ்டும் அவருடைய மாணவர் கார்ல் லியோன்ஹார்டும் ஆவர். லியோன்ஹார்ட் 1957-இல் வெளியிட்ட நூலில் 'சைக்ளாய்டு' மனப்பிறழ்வு என்ற தனி வகைக்கு இடம் தந்தார். அச்சத்துக்கும் பேரின்பத்துக்கும் இடையே ஊசலாடுவது, சிந்தனைக் குழப்பம் மிகுவது, உடல் அசைவு மிகுவது அல்லது உறைந்துபோவது என அதில் மூன்று வடிவங்கள் உண்டு. நோய் திரும்பத் திரும்ப வந்தாலும் ஒவ்வொரு முறையும் மனம் பழைய நிலைக்கு மீளும் என்பதே அவர் சொன்ன அடிப்படைக் கருத்து. சுவீடனின் கார்லோ பெரிஸ் 1974-இல் இவ்வகையை மீண்டும் ஆராய்ந்து உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

இவ்வாறு ஒவ்வொரு நாடும் ஒரு பெயர் வைத்திருந்தது. ஒரு நாட்டின் பெயரை மற்றொரு நாடு ஏற்கவில்லை. ஒரே யானையைத் தடவிப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்ன கதைதான் அது.

இந்திய மருத்துவர்களின் ஐயம்

ஆங்கிலேய மருத்துவ மரபில் பயின்ற இந்திய மனநல மருத்துவர்களின் கையில் இருந்தது இருபிரிவு முறைதான். ஆனால் புறநோயாளிப் பிரிவில் அவர்கள் கண்டது வேறு. காய்ச்சலுக்குப் பின்னோ, பிரசவத்துக்குப் பின்னோ, குடும்பத்தில் நேர்ந்த சாவுக்குப் பின்னோ, சில வேளைகளில் எந்தக் காரணமும் இன்றியோ பித்துப் பிடித்தவர்போல் அழைத்து வரப்பட்டவர்கள் சில வாரங்களில் தெளிந்து ஊர் திரும்பினர். இவர்களை மனச்சிதைவு நோயாளிகள் என்று பதிவதா என்ற ஐயம் எழுந்தது.

சண்டிகர் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தின் மனநலத் துறையைத் தொடங்கிய நரேந்திர நாத் விக், குர்மீத் சிங்குடன் சேர்ந்து 1967-இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்தியாவில் பயன்படுத்துவதற்கு ஏற்ற மனநோய் வகைப்பாட்டை முன்மொழிந்த அக்கட்டுரை, திடீர் மனப்பிறழ்வுக்குத் தனி இடம் வேண்டும் என வற்புறுத்தியது. தேன்கனிக்கோட்டைக்கு அண்மையில் உள்ள பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் ஆர்.எல். கபூரும் பாண்டுரங்கியும் மற்றொரு கேள்வியை எழுப்பினர். மன அழுத்தம் தரும் நிகழ்வைத் தொடர்ந்து வரும் திடீர் நோயையும், அப்படிப்பட்ட காரணம் இன்றி வரும் திடீர் நோயையும் ஒப்பிட்டு, அவர்கள் 1979-இல் பிரிட்டன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டனர். காரணம் தெரிந்தால்தான் நோய்க்குப் பெயர் தரமுடியுமா என்ற அந்த விவாதம் பின்வந்த எல்லா வகைப்பாடுகளிலும் தொடர்ந்தது.

வேலூர் முதல் சண்டிகர் வரை

1980களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு திடீர் மனப்பிறழ்வைப் பற்றிப் பல மைய ஆய்வு ஒன்றை நடத்தியது. ராஜஸ்தானின் பீகானேர், கோவா, பஞ்சாபின் பட்டியாலா, தமிழ்நாட்டின் வேலூர் ஆகியவை அதன் மையங்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் பாகாயத்தில் 1957 முதல் இயங்கி வந்தது. நோயாளியுடன் குடும்பத்தினரையும் தங்கவைத்து மருத்துவம் செய்வது அதன் சிறப்பு. மொழியும் உணவும் தட்பவெப்பமும் வேறுபட்ட நான்கு ஊர்களிலும் ஒரே வகை நோய் காணப்பட்டது. ஓராண்டு தொடர்ந்து கண்காணித்ததில் பெரும்பான்மையோர் முழு நலம் பெற்றிருந்தனர். அன்றைய நூல்களில் இருந்த மனச்சிதைவு, மனநிலைக் கோளாறு என்ற இரண்டு பெட்டிகளிலும் இவர்களில் பலரை அடக்க முடியவில்லை.

இதே காலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளும் நடந்தன. அந்நிறுவனத்தின் முதல் பன்னாட்டு மனச்சிதைவு ஆய்வில் ஒன்பது நாடுகளின் மையங்கள் இடம்பெற்றன. இந்தியாவின் மையம் ஆக்ரா. வளரும் நாடுகளின் நோயாளிகள் செல்வ நாட்டினரைவிட நன்றாகக் குணமடைந்தது அதில் தெரியவந்தது. 1978-இல் தொடங்கிய அடுத்த ஆய்வில் சண்டிகர் நகரமும் அதைச் சூழ்ந்த கிராமங்களும் இரு தனி மையங்களாக அமைந்தன.

அந்தத் தரவுகளை அமெரிக்க ஆய்வாளர் எஸ்ரா சஸ்ஸர் வான்டர்லிங்குடன் சேர்ந்து மறுஆய்வு செய்து 1994-இல் முடிவுகளை வெளியிட்டார். திடீரெனத் தொடங்கி முழுமையாக நீங்கும் மனப்பிறழ்வு, தொழில்வள நாடுகளைவிட வளரும் நாடுகளில் ஏறத்தாழ 10 மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. இரு வகை நாடுகளிலுமே ஆண்களைவிடப் பெண்களிடம் இது ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. மனச்சிதைவில் இத்தகைய வேறுபாடு இல்லை. எனவே இது மனச்சிதைவின் மென்மையான வடிவம் அன்று, வேறொரு நோய் என்ற கருத்து வலுப்பெற்றது.

அப்படியானால், வளரும் நாடுகளில் மனச்சிதைவு நன்றாகக் குணமாகிறது என்ற முடிவே இந்தக் குறுங்கால நோயாளிகள் கலந்துவிட்டதால் வந்த மயக்கமோ என்ற கேள்வியும் பிறந்தது. ஹாப்பரும் வான்டர்லிங்கும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய நோயறிதல் மயக்கங்களைக் கணக்கில் கொண்டு பார்த்தனர். அப்போதும் அந்த வேறுபாடு மறையவில்லை.

சண்டிகரின் விஜய் வர்மாவும் அவருடைய குழுவினரும் சஸ்ஸருடன் இணைந்து அதே நோயாளிகளை 12 ஆண்டுகள் கழித்துத் தேடிச் சென்று பார்த்தனர். முடிவு 1998-இல் வெளியானது. குறுங்கால மனப்பிறழ்வு ஏற்பட்டிருந்த 17 பேரில் ஒருவரிடம் மட்டுமே நோயின் எச்சம் இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட பிற மனப்பிறழ்வு நோயாளிகள் 14 பேரில் 7 பேரிடம் நோய்க்குறிகள் நீடித்தன. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் 12 ஆண்டு இடைவெளி, ஒரு மாதக் கண்காணிப்பு காட்டாததைக் காட்டியது. காய்ச்சலைத் தொடர்ந்து இந்நோய் வருவது மிகுதி என்பதையும் 1999-இல் வெளியான வட இந்திய ஆய்வு பதிவு செய்தது. கிராமத்தார் நெடுங்காலமாகச் சொல்லிவந்த 'காய்ச்சல் தலைக்கேறியது' என்ற விளக்கத்தில் ஆராய்வதற்கு உரிய பொருள் இருந்தது என்பதை இது காட்டுகிறது.

எஃப் 23: கிடைத்த இடம்

நோய்களின் பன்னாட்டு வகைப்பாடு சுருக்கமாக ஐ.சி.டி. எனப்படும். அதன் ஒன்பதாம் பதிப்பில் 'எதிர்வினை மனப்பிறழ்வுகள்' என்ற பிரிவு இருந்தது. 'திடீர் மனச்சிதைவு நிகழ்வு' என்பது மனச்சிதைவின் உட்பிரிவாக இருந்தது. எனவே மேற்கண்ட எடுத்துக்காட்டுப் பெண் ஒரு மருத்துவரிடம் எதிர்வினை நோயாளியாகவும், அடுத்த மருத்துவரிடம் மனச்சிதைவு நோயாளியாகவும் பதிவாகியிருப்பார்.

1992-இல் வெளிவந்த பத்தாம் பதிப்பு, எஃப் 23 என்ற எண்ணின் கீழ் 'கடிய, நிலையற்ற மனப்பிறழ்வுக் கோளாறுகள்' என்ற தனிப் பிரிவை உருவாக்கியது. இரண்டு வாரங்களுக்குள் நோய் முழுவடிவம் பெறுவது முதல் அடையாளம். 48 மணி நேரத்துக்குள் தோன்றினால் அது மிகத் திடீர்த் தொடக்கம். அறிகுறிகள் நாளுக்கு நாள், ஒரே நாளிலும்கூட, உருமாறுவது இரண்டாம் அடையாளம். மன அழுத்தம் தரும் நிகழ்வு உண்டா இல்லையா என்பது தனியே குறிக்கப்பட்டது. அது கட்டாயம் ஆக்கப்படவில்லை. மனச்சிதைவின் அறிகுறிகள் இருந்தால் ஒரு மாதம் வரையிலும், இல்லையென்றால் மூன்று மாதம் வரையிலும் இந்தப் பெயர் செல்லும். ஐரோப்பியர் வைத்த பல பெயர்களும் இந்திய ஆய்வுகளின் கண்டுபிடிப்பும் ஒரே குடையின் கீழ் வந்தன.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேடு வேறு பாதையில் சென்றது. 1980-இல் வந்த மூன்றாம் பதிப்பு, பெரும் மன அழுத்தத்தைத் தொடர்ந்து தோன்றி இரண்டு வாரங்களுக்குள் நீங்குவதை மட்டுமே 'குறுங்கால எதிர்வினை மனப்பிறழ்வு' என்றது. 1987-இல் இந்த எல்லை ஒரு மாதமாக நீட்டப்பட்டது. 1994-இல் மன அழுத்தம் கட்டாயம் என்ற நிபந்தனை நீங்கியது. ஒரு நாளுக்குக் குறையாமலும் ஒரு மாதத்துக்குள்ளும் முடிவது 'குறுங்கால மனப்பிறழ்வுக் கோளாறு' ஆனது. காய்ச்சலுக்குப் பின் மூன்று வாரம் நோயுற்ற பெண்ணுக்கு 1980-இன் கையேட்டில் இந்தப் பெயர் கிடைக்காது. 1994-இன் கையேட்டில் கிடைக்கும். நோய் மாறவில்லை, விதி மாறியது.

மீண்டும் வந்தால்?

தனி இடம் கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் எஞ்சியது. நோய் திரும்பி வந்தால் பழைய பெயர் செல்லுமா? 'நிலையற்றது' என்று பெயர் வைத்த நோய் இரண்டாம் முறை வந்தபோது, முதல் முறை எழுதியது பிழை, இது மனச்சிதைவுதான் என்று பெயரை மாற்றும் வழக்கம் பல இடங்களில் இருந்தது.

ஆய்வுகள் கலப்பான விடையைத் தந்தன. டென்மார்க்கின் பதிவேடுகளைக் கொண்டு காஸ்டாஞ்ஞினியும் பிறரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 39 விழுக்காட்டினருக்கு மட்டுமே இந்தப் பெயர் பின்னாளில் நிலைத்திருந்தது. மற்றவர்களின் பெயர் மனச்சிதைவு, மனநிலைக் கோளாறு முதலியனவாக மாறியது. வேலூர் மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்விலும் சிலருக்கு நோயின் பெயர் இவ்வாறே மாறியிருந்தது. செருமனியின் ஹாலே நகரில் மார்னெரோஸ், பில்மன் ஆகியோர் நடத்திய ஆய்வு வேறொன்றைக் காட்டியது. நோய் திரும்ப வருவது அடிக்கடி நிகழ்ந்தாலும், அவர்களில் பலர் தம் வேலையையும் உறவுகளையும் இழக்காமல் வாழ்ந்தனர். லியோன்ஹார்ட் சொன்ன, திரும்ப வந்தாலும் சிதைக்காத நோய் இதுவே.

2019-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்று, 2022 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி. பதினொன்றாம் பதிப்பு இதற்கு நேரடியான விடை தந்தது. அதில் 6ஏ23 என்னும் பிரிவு, உருமாறும் அறிகுறிகளைக் கொண்ட நோயையே மையமாக வைக்கிறது. நோய்க்காலம் மூன்று மாதத்தைத் தாண்டக்கூடாது. அதன் கீழ் 'முதல் நிகழ்வு' என்றும் 'பல நிகழ்வுகள்' என்றும் இரு கிளைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் இப்போது நோய்க்குறி உண்டா, ஓரளவு நீங்கியதா, முழுமையாக நீங்கியதா என்பதையும் குறிக்கலாம். மீண்டும் வந்தது என்ற ஒரே காரணத்துக்காக மனச்சிதைவு என்று பெயர் மாற்றவேண்டியதில்லை என்பதே இதன் பொருள். எடுத்துக்காட்டுப் பெண்ணின் சீட்டில் இன்று 'கடிய, நிலையற்ற மனப்பிறழ்வு, பல நிகழ்வுகள், முழுமையாக நீங்கியது' என எழுத இடம் உண்டு. முன்னைய பதிப்பில் இத்தகைய கிளை இல்லை.

நோயறியும் முறை

இந்நோயை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ இல்லை. பரிசோதனைகள் பிற நோய்களை விலக்குவதற்கே செய்யப்படுகின்றன. மூளைக்காய்ச்சல், வலிப்பு நோய், தைராய்டு கோளாறு, கஞ்சா முதலிய போதைப்பொருள்கள், மதுவைத் திடீரென நிறுத்துதல் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரலாம். உடலின் எதிர்ப்பாற்றலே மூளையைத் தாக்கும் ஒருவகை அழற்சி 2007-இல் அடையாளம் காணப்பட்டது. இளம்பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் அது தொடக்கத்தில் மனநோய் போலவே இருக்கும். ஆகவே காய்ச்சலோ, வலிப்போ, நினைவு மங்கலோ சேர்ந்திருந்தால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்வது இன்றியமையாதது.

திருவிழாவில் சாமியாடுவது நோய் அன்று. சமூகம் ஏற்ற சடங்கின் பகுதியாகத் தொடங்கி, அதனுடன் முடிந்துவிடும் நிலையைப் பன்னாட்டு வகைப்பாடு நோயாகக் கருதுவதில்லை. சடங்கு முடிந்த பின்னும் தூக்கமின்மை, அச்சம், உணவு மறுத்தல் ஆகியவை தொடர்ந்தால் அது வேறு.

குறுங்காலம் என்பதால் மருந்து தேவையில்லை என்று கருதுவதும் தவறு. நோய்க்காலத்தில் தன்னுயிருக்குத் தீங்கு நேரும் ஆபத்து உண்டு. மருந்தை எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவுசெய்யவேண்டும்.

எல்லைப் பகுதியும் ஏடுகளும்

இந்நோயின் பெயரைத் தீர்மானிப்பவை நாள்கணக்குகள். எப்போது தொடங்கியது, எத்தனை நாளில் முற்றியது, எப்போது தெளிந்தது, இடையில் எவ்வாறு இருந்தார் என்ற நான்கு விவரங்கள் இல்லாமல் மேற்கண்ட வகைப்பாடு எதுவும் பயன்படாது.

தேன்கனிக்கோட்டை வட்டம் கர்நாடகத்தை ஒட்டி அமைந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் வழங்கும் பகுதி இது. ஒருவர் முதல்முறை நோயுற்றபோது ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ மருத்துவம் பெற்று, இரண்டாம் முறை பெங்களூருக்குச் செல்வது இங்கு இயல்பு. தளியை அடுத்துள்ள ஆனேக்கல் வட்டத்தின் சகலவாராவில் நிம்ஹான்ஸ் நிறுவனம் 1970களின் நடுவில் ஊரக மனநல மையம் அமைத்து, ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாக மனநல மருத்துவம் தரும் முறையை வளர்த்தது. அந்த அனுபவம் 1982-இன் தேசிய மனநலத் திட்டத்துக்கும் 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்துக்கும் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. மருத்துவம் இவ்வாறு அருகில் வந்தாலும், மாநிலம் கடந்து செல்லும் நோயாளியுடன் பழைய சீட்டும் செல்லவேண்டும். அது தொலைந்தால், முழுமையாகத் தெளிந்து வாழ்ந்த இரண்டு ஆண்டுகள் புதிய மருத்துவரின் கண்ணுக்குத் தெரியாமல் போகும். விட்டுவிட்டு வந்த நோய், விடாமல் இருந்த நோயாகத் தோன்றும்.

சட்டமும் இந்த வகைப்பாட்டுக்கு இடம் தந்துள்ளது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயைத் தீர்மானிப்பதற்கான ஏற்கப்பட்ட மருத்துவ அளவைகளுள் ஐ.சி.டி.யின் அண்மைப் பதிப்பையும் குறிப்பிடுகிறது. முன்பு மனநல மருத்துவம் பெற்றார் என்பதை மட்டுமே கொண்டு ஒருவர் இப்போதும் மனநோயாளி என்று முடிவுசெய்யக்கூடாது என்பதும் அச்சட்டத்தின் கருத்து. மனநல உதவிக்கு 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலும் பெறலாம்.

கிரெப்பெலினின் இரு பெட்டிகளில் தொடங்கிய வரலாறு 'பல நிகழ்வுகள்' என்ற சிறு கிளையில் வந்து நிற்கிறது. இந்த மாற்றத்தின் பெரும்பகுதி புதிய கருவிகளால் வந்தது அன்று; நோயாளியை ஓராண்டு, 12 ஆண்டு கழித்தும் தேடிச் சென்று நலம் கேட்டறிந்ததால் வந்தது. தேதியிட்ட மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தும் குடும்பத்தினரும் அதே பணியைத் தம் வீட்டளவில் செய்கின்றனர்.